நூற்றெண்பது பூட்டு

ஜூலை 14, திங்கள்

கம்பெனி இன்று எங்கள் ஏழு பேருக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தது. யார்டில் வேலை பார்க்கிறவர்கள் அன்றன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டுமாம். "யாரும் படிக்கமாட்டாவ தங்கச்சி. ரெண்டு வரி கிறுக்கி வச்சா போதும்" என்றார் பீர்முகம்மது அண்ணன். பெட்டி தூக்கும் ராட்சத வண்டியை இங்கே ஓட்டப்போகிறவர் அவர்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் பதினைந்து வருடம் ஓட்டியவர். யாரும் படிக்காத நோட்டு என்றால் எனக்கு வசதி. உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

என் பெயர் உலகம்மாள். வயது முப்பத்தாறு. ஜவுளிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். இப்போது எங்கள் கணவாய்ப்பேட்டையில் ரயில்வே புதிதாகத் திறக்கப்போகிற சரக்கு முனையத்தில் பூட்டுப் பார்க்கிற வேலை. லாரியில் வருகிற இரும்புப் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே தூக்கி ரயிலில் வைத்துத் துறைமுகத்துக்கு அனுப்புவார்கள். முனையம் ரயில்வேயுடையது, நடத்துவது எங்கள் கம்பெனி. சரக்கு வண்டி என்றால் மேலே ஒன்றுமில்லாத மொட்டைத் தளம்தான். நாலு மூலையிலும் நாலு இரும்புக் குமிழ். பெட்டியின் அடிமூலைகளில் உள்ள ஓட்டைகள் அந்தக் குமிழ்களில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தபின் கைப்பிடியைத் திருப்பினால் பூட்டு விழும். திருப்புவது ஒப்பந்த ஆட்கள். திரும்பியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்த்து, பெட்டிமேல் சாக்பீஸால் ஒரு 'சரி' போடுவது நான். ஒரு ரயிலுக்கு நாற்பத்தைந்து வண்டி. வண்டிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு நாலு பூட்டு, ஆக நூற்றெண்பது. பார்த்து முடித்துத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் ரயில் நகராது.

பயம் எனக்குக் கூடப்பிறந்தது. கேஸை அணைத்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவள் நான். என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் சிரிக்கிறார்: "ஒனக்குன்னே செஞ்சு வச்ச வேலைட்டி. பயந்தாங்கொள்ளிக்குச் சம்பளம் குடுத்துப் பயப்படச் சொல்லுதாவ."

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. சொல்லிவைத்தாற்போல் கணவாயிலிருந்து காற்று இறங்கிவிட்டது. கொடியில் போட்ட பாவாடை மூன்றாம் வீட்டு முருங்கையில் கிடந்தது.

திறப்பு விழா ஆகஸ்ட் ஒன்று என்று அறிவித்துவிட்டார்கள். டெல்லியிலிருந்து பெரியவர் வருகிறார். ஊரே முணுமுணுக்கிறது. "ஆடியில எவனாவது புதுசா ஆரம்பிப்பானா? கல்யாணமே வைக்க மாட்டோம், இவ்வளவு பெரிய காரியத்த வைக்காவளே" என்று டீக்கடைக்காரர் என்னவோ நான்தான் தேதி குறித்த மாதிரி என்னிடம் கேட்டார்.

எங்கள் மானேஜர் ரெஜினால்டு சார் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர். அவருக்கு இந்த நம்பிக்கையெல்லாம் கிடையாது. ஆனால் ஊர் வாயைப் பற்றிப் பயம் உண்டு. "மாசத்த நம்மால மாத்த முடியாது. நேரத்தையாவது நல்லதா வச்சிருவோம்" என்றார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் ரயில் கிளம்பிவிட வேண்டும் என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

முதல் ரயிலில் போகப்போகிற நாற்பத்தைந்து பெட்டியும் காலி. தென்னைநார் கம்பெனிக்காரர்கள், தீப்பெட்டிக்காரர்கள் எல்லோரும் ஆவணி பிறக்கட்டும் என்கிறார்கள். ஆடியில் முதல் சரக்கு அனுப்ப ஒருவரும் துணியவில்லை. படம் பிடிக்கிறவர்களுக்குக் காலி என்று தெரியவா போகிறது என்கிறார் சார்.

"காலிப் பெட்டிதான் தங்கச்சி ஆபத்து" என்றார் பீர் அண்ணன். "சரக்கு இருந்தா அது பாட்டுக்குக் கெடக்கும். காலியா இருந்தா காத்து என்ன சொல்லுதோ அதத்தான் கேக்கும்."

என் வீட்டுக்காரர் காற்றாலையில் பராமரிப்பு வேலை பார்க்கிறவர். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அன்றைய காற்றின் வேகத்தைச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. இன்று நொடிக்குப் பதினாறு மீட்டராம். நான் கேட்டேன், எத்தனை மீட்டருக்கு ஒரு காலிப் பெட்டி ஆடும் என்று. "பூட்டியிருந்தா எத்தனைக்கும் ஆடாது. பூட்டலைன்னா ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ஜூலை 26, சனி

இன்று நடந்ததை அளந்தே எழுதுகிறேன்.

யார்டில் மேற்கோரமாகத் தரையில் ஒரு காலிப் பெட்டி நிற்கிறது. நாற்பது அடி நீளம், கிட்டத்தட்ட நாலு டன். நேற்று அதன் காலடியைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்தேன். இன்று காலையில் பார்த்தால் பெட்டி கோட்டைத் தாண்டி ஒரு சாண் கிழக்கே நகர்ந்திருக்கிறது. நாலு டன் இரும்பு. யாரும் தொடவில்லை. ராத்திரிக் காற்று தள்ளியிருக்கிறது.

சாரைக் கூட்டிவந்து காட்டினேன். "கோட்டை நீங்க கோணலாப் போட்டிருப்பீங்க" என்றார்.

ஜூலை 27, ஞாயிறு

மாவு ஆட்டினேன். கேஸை மூன்று தடவை பார்த்தேன்.

ஜூலை 29, செவ்வாய்

வண்டிகள் வந்துவிட்டன. பெட்டிகளை ஏற்றி, ஒத்திகையாக நூற்றெண்பது பூட்டையும் பார்த்தேன். ஆறு பூட்டுகள் திரும்பாமல் கிடந்தன. கூப்பிட்டுத் திருப்ப வைத்தேன். இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. ஒப்பந்த ஆட்கள் எனக்குச் 'சரியக்கா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைக்கட்டும்.

சாயங்காலம் செண்பகம் அக்கா போன் செய்தாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போனபின் எனக்குத் தலைவாரிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவள். இங்கிருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில் நெடும்பாறை ஸ்டேஷன் பக்கம் அவளுக்கு வீடு. சீசனில் ஸ்டேஷனுக்குப் போகும் பாதையில் உட்கார்ந்து மங்குஸ்தானும் பலாச்சுளையும் விற்கிறாள். "ஒன் ரயிலு எங்க ஊரு வழியாத்தான போவும்? கொடி காட்டுதேன் பாரு" என்றாள். பூட்டுப் பார்க்கிறவள் ரயிலில் போவதில்லை என்று சொல்லியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஜூலை 31, வியாழன்

மதியம் ஒரு மணிக்கு நூற்றெண்பதும் முடித்தேன். எல்லாம் சரி. எல்லாவற்றிலும் சாக்பீஸ்.

மூன்று மணிக்கு சார் ஒரு புதுச்செய்தி கொண்டுவந்தார். பெரியவர் மேடையில் ஒரு பொத்தானை அமுக்குவார். உடனே பீர் அண்ணன் முதல் வண்டியின் பெட்டியைத் தூக்கி, எல்லோரும் பார்க்க மறுபடி வண்டியில் வைக்க வேண்டும். நாட்டுக்கே காட்டப்போகிறார்களாம். அதற்கு ஒத்திகை. பூட்டைத் திறந்தார்கள், தூக்கினார்கள், வைத்தார்கள். சாருக்குத் திருப்தி இல்லை. மூன்று தடவை.

பெட்டிமேல் நான் போட்ட 'சரி' அப்படியே இருந்தது. சாக்பீஸுக்கு என்ன தெரியும்? நாளைக் காலையில் முதலிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

போகும்போது சார் கூப்பிட்டார். "யார்டில பொம்பளையாளு நீங்க ஒருத்திதான். நாளைக்குப் பட்டுச்சேலை கட்டிட்டு வந்துருங்க. ஆரத்தித்தட்டு நீங்கதான் பிடிக்கணும்."

ஆகஸ்ட் 1, வெள்ளி

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. நூற்றெண்பதும் பார்த்துவிட்டேன். கையெழுத்தும் போட்டாயிற்று.

காலை ஏழு மணிக்கே போய்ப் பின்னாலிருந்து ஆரம்பித்தேன். மாற்றிக்கொள்ளப் பட்டுச்சேலை பையில் இருந்தது. முதல் வண்டிக்கு வரும்போது மணி ஒன்பதாகிவிட்டது. அதைக் கல்யாண வீடு மாதிரி ஆக்கியிருந்தார்கள். வாழைமரம், தோரணம், செவ்வந்தி மாலை. வண்டியின் அடி முழுக்க மஞ்சள் ஜரிகைத்துணியைச் சுருக்கு வைத்துக் கட்டியிருந்தார்கள். பந்தல்காரர், "அக்கா, துணியக் கிழிச்சிராதிய, விடிய விடியக் கட்டுனது" என்று கத்தினார். அதற்குள் சேலை மாற்றச் சொல்லி சார் ஆள் அனுப்பிவிட்டார். எப்படியும் பெரியவர் பொத்தான் அமுக்கும்போது பெட்டியைத் தூக்கி வைக்கப்போகிறார்கள், அதற்குப் பிறகு பார்ப்பதுதானே முறை.

என்னுடைய முகூர்த்தச் சேலை. பதினான்கு வருடத்தில் நாலாவது தடவை கட்டினேன். காற்றில் கற்பூரம் நிற்கவில்லை. ஏழு தடவை கொளுத்தினார்கள்.

பெரியவர் வந்தபோது பத்து மணி ஆகிவிட்டது. பேச்சைச் சுருக்கிக்கொண்டார். பத்து பதினேழுக்குப் பொத்தானை அமுக்கினார். பெட்டி மாலையோடு மேலே போனது. காற்றில் ஒரு பக்கமாகத் திரும்பியது. ஜனம் 'ஓ' என்றது. பீர் அண்ணன் பிடித்து நிறுத்தி வண்டியில் வைத்தார். கைதட்டல். ஒப்பந்த ஆட்களைக் காணோம். அழுக்குச் சட்டையோடு படத்தில் விழக்கூடாது என்று அவர்களைக் காம்பவுண்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

பத்து இருபத்திரண்டுக்கு சார் தாளோடு ஓடிவந்தார். "எட்டு நிமிஷந்தான் இருக்கு, போடுங்க போடுங்க." ஒரு கையில் தட்டு, விரலெல்லாம் சந்தனம். போட்டேன். தாளில் என் கட்டைவிரல் மஞ்சளாகப் பதிந்துவிட்டது. கொடி அசைந்தது. பத்து இருபத்தேழுக்கு ரயில் நகர்ந்தது. ராகுகாலத்துக்கு மூன்று நிமிடம் மிச்சம்.

கூட்டம் கலைந்தபின் பீர் அண்ணன் வந்தார். முகம் சரியில்லை. "உக்காரும்போது சத்தம் ஒரு மாதிரி இருந்துச்சு தங்கச்சி. பூட்டு விழுந்துச்சுல்லா?"

"விழுந்துச்சுண்ணே" என்றேன்.

நூற்றெண்பது.

ஆகஸ்ட் 2, சனி

ரயில் இந்நேரம் தூத்துக்குடி போயிருக்கும். போனதும் வேறு பெரிய வண்டியால் பெட்டிகளை இறக்கிவிடுவார்கள். அத்தோடு முடிந்தது.

பின்னாலிருந்து நாற்பத்துநாலு வண்டி பார்த்தேன். நாற்பத்துநாலு நாலு நூற்றெழுபத்தாறு. முதல் வண்டியில் வியாழக்கிழமை போட்ட 'சரி' இருந்தது. ஆக நூற்றெண்பது. பீர் அண்ணன் பதினைந்து வருட அனுபவக்காரர், அவர் வைத்தால் கோணாது. அந்த வேகத்தில் வைக்கும்போது பூட்டு தானாகவே விழுந்துவிடும் என்றும் கேள்விப்பட்டிருக்கிறேன். யாரிடம் கேள்விப்பட்டேன் என்று ஞாபகம் இல்லை.

சாயங்காலம் ஆறு மணி. அக்கா போன் செய்தாள். ஒரே சந்தோஷம்.

"ஏட்டி, ஒன் ரயிலு எங்க ஊருலதான் நிக்கு! மாலை எல்லாம் போட்டுக்கிட்டு. எஞ்சினக் கழட்டிக் கொண்டு போயிட்டாவ. திங்கக்கெழமைதான் போவுமாம். நல்லதாப் போச்சு. இந்தக் காத்துல கடை போட முடியாம கிடந்தோம். இப்ப ரயில ஒட்டி உக்காந்துட்டோம். அந்த முதப் பெட்டி இருக்குல்லா, மாலை போட்டது, அதுக்குக் கீழதான் எங்கடை. நல்ல மறைப்பு. ஒரு தூசி வரல."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொன்னேன். இட்லிக்குப் போட்டதைப் போட்டபடி விட்டுவிட்டுப் பின்வாசலில் போய் நின்றேன். நெடும்பாறையில் தண்டவாளம் மலையை ஒட்டி வடக்கு தெற்காக வளைகிறது. காற்று மேற்கிலிருந்து வரும். அக்கா உட்கார்ந்திருப்பது கிழக்கே.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. புளியோதரையும் தேங்காய்ச்சோறும் கட்டிக்கொண்டு அக்காவைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். கைப்பையில் ஒரு சாக்பீஸும் போட்டுக்கொண்டேன். நானே திருப்பிவிட்டு வந்துவிடலாம், ஒரு நிமிட வேலை, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன்.

ரயில் நின்றது. மாலை காய்ந்து நாராகியிருந்தது. அதன் நிழலில் அக்காவும் இன்னும் ஐந்தாறு பெண்களும் கூடையைப் பரப்பிக்கொண்டு, சீசனுக்கு வந்த ஜனத்தோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் ஒரு மங்குஸ்தானை உடைத்து என் வாயில் வைத்தாள்.

வண்டியைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போனேன். ஜரிகைத்துணி கிழிந்து படபடத்தது. அதை விலக்கினேன்.

கைப்பிடி திறந்து கிடந்தது. அதற்கு மேலே வியாழக்கிழமை நான் போட்ட 'சரி', பாதி அழிந்து. கைப்பிடியைத் திருப்பினேன், திரும்பவில்லை. குனிந்து பார்த்தேன். பெட்டியின் மூலை குமிழுக்குள் இறங்கவே இல்லை, குமிழின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. என் சுண்டுவிரல் போகிற இடைவெளி. அடுத்த மூலையும் அப்படித்தான். காற்று ஒரு வீச்சு வீசும்போது பெட்டி லேசாக எழும்பி 'டொக்' என்று உட்கார்கிறது. மறுபடி டொக். தூக்கும் வண்டி இல்லாமல் மனிதக்கையால் இதைச் சரிசெய்யவே முடியாது.

ஸ்டேஷன் மாஸ்டர் அறை நூறடி தூரத்தில் இருந்தது. கதவு திறந்துதான் இருந்தது.

நான் அக்காவிடம் போனேன். "யக்கா, கூடைய எடு. வண்டிக்கு அடியில ஒரு நல்லபாம்பப் பாத்தேன். இம்புட்டு நீளம்." பெண்கள் அலறி எழுந்தார்கள். கூடைகளைத் தூக்கிக்கொண்டு பாதையின் அந்தப்பக்கம் போனார்கள். அக்கா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னத் தீண்டலல்லா? பாத்தியாட்டி, காலக் காட்டு" என்று குனிந்து என் பாதங்களை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தாள்.

நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். இப்போதைக்கு அங்கே யாரும் உட்காரமாட்டார்கள். நாளை ரயில் போய்விடும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை எட்டு மணிக்கு அக்காவின் போன். "பாம்பு போயிருக்கும்ட்டி. மஞ்சத்தண்ணி தெளிச்சு, ரெண்டு முட்டையும் வச்சுட்டு பழைய எடத்துலயே உக்காந்துட்டோம். அந்தப் பக்கம் காத்துல பழத்தக் காவல் காக்க முடியல." சிரிக்கிறாள். "யக்கா, வேண்டாம்" என்றேன். "சும்மா கெட. நீ பொறந்ததுலேர்ந்து பயந்துக்கிட்டுத்தான் இருக்க" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் தலையில் மப்ளரைக் கட்டிக்கொண்டே, "மத்தியானத்துக்கு மேல இருபத்தஞ்சு மீட்டரு காட்டுது. காத்தாடிய எல்லாம் நிறுத்தச் சொல்லிட்டாவ" என்றார்.

ஒன்பது மணிக்கு சார் அறைக்குப் போனேன். முதல் வண்டிப் பெட்டி குமிழில் உட்காரவில்லை, நேற்றுக் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் முதலில் எழுந்து கதவைச் சாத்தினார்.

"கையெழுத்து போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"அப்புறம் என்ன? சாயங்காலம் நாலரைக்கு எஞ்சின் வந்துரும். தூத்துக்குடியில நம்ம ஆளுங்க சரி பண்ணிருவாங்க. ரயில்வேக்காரங்ககிட்ட வாயத் தெறந்தீங்கன்னா உங்க வேலை மட்டும் போகாது, பீர்முகம்மது வேலையும் போகும். திறப்பு விழா முடிஞ்சு நாலு நாள்கூட ஆகல." பிறகு குரலைத் தணித்து, "வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்றார்.

சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். என்னைப்பற்றி எழுத வேறு என்ன இருக்கிறது? பதினொன்றரை வரைக்கும் சாக்பீஸ் பெட்டிகளை அடுக்கினேன். எங்கள் யார்டு ஓரத்தில் தகரம் ஒன்று பிய்ந்து பறந்தது. அதைப் பார்த்ததும் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஓடும்போதே அக்காவுக்கு ஐந்து தடவை போன் செய்தேன். வியாபார நேரத்தில் அவள் எடுக்கமாட்டாள்.

நெடும்பாறையில் இறங்கும்போது ஒன்றே கால். ஸ்டேஷன் மாஸ்டர் வில்வநாதன் என்று பலகையில் இருந்தது. அவர் டிபன்பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார். "என்னம்மா?" என்றார்.

"பாசஞ்சர் எத்தன மணிக்கு சார்?" என்று கேட்டேன்.

"நாலு பத்து."

வெளியே வந்தேன். ஆமாம், வெளியே வந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் அக்கா தெரிந்தாள். பலாச்சுளையைப் பிரித்துக்கொண்டே பக்கத்துப் பெண்ணிடம் எதற்கோ சிரித்தாள். அவள் தலைக்குமேல் மாலை போட்ட பெட்டி. டொக். டொக். நேற்றைவிட வேகமாக.

திரும்பிப் போனேன். "சார், நான் கணவாய்ப்பேட்டையில பூட்டுப் பாக்கிறவ. முதல் வண்டியில பூட்டே விழல. பாக்காம கையெழுத்து போட்டுட்டேன். கீழ ஆளுக இருக்காவ."

அவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கையில் போனைப் பிடித்து மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டே, மறுகையால் சிவப்புக்கொடியை எடுத்து வேலையாளிடம் வீசி, "பாதைய மறி! யாரையும் விடாத!" என்று கத்தினார். நாங்கள் மூவரும் ஓடினோம். "எந்திரிங்க, எல்லாரும் எந்திரிங்க!" என்றார் மாஸ்டர். வாடிக்கைக்காரர்கள் விலகினார்கள். வியாபாரப் பெண்கள் அசையவில்லை. அடிக்கடி விரட்டப்படுகிறவர்கள், விரட்டலுக்குப் பழகிப்போனவர்கள். "இப்பத்தான் சார் போணி ஆச்சு" என்றாள் ஒருத்தி. அக்கா என்னைப் பார்த்து, "நீ எப்பம்ட்டி வந்த? மறுபடியும் பாம்பா?" என்றாள்.

அவளுடைய மங்குஸ்தான் கூடையை இரண்டு கையாலும் தூக்கி ரோட்டைப் பார்த்து வீசினேன். பழமெல்லாம் சிதறி உருண்டது. "ஏ பாவி!" என்று அக்கா பழத்துக்குப் பின்னால் ஓடினாள். மாஸ்டர் அடுத்த கூடையை எடுத்து வீசினார். வேலையாள் அதற்கடுத்ததை. பெண்கள் வைதுகொண்டே கூடைகளுக்குப் பின்னால் ஓடினார்கள். ஒரு பெண் மாஸ்டரின் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பத்து நிமிடம் இருக்கலாம். மேற்கேயிருந்து ஒரு வீச்சு வந்தது. டொக் சத்தம் கேட்கவில்லை. பெட்டி ஒரு பக்கம் மெதுவாக எழுந்தது, யோசிக்கிற மாதிரி நின்றது, பிறகு கிழக்கே சாய்ந்து விழுந்தது. தரை அதிர்ந்தது. தூசி அடங்கியபோது அக்காவின் மணைக்கட்டை இருந்த இடத்தில் பெட்டியின் விளிம்பு ஒரு முழம் மண்ணில் இறங்கியிருந்தது. இரண்டு குடை, மூன்று கூடை, ஒரு தராசு அதன் அடியில். ஆட்கள் யாரும் இல்லை.

மாஸ்டரின் சட்டையைப் பிடித்திருந்த பெண் அதை விடாமலே அழ ஆரம்பித்தாள்.

அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் மடியில் பொறுக்கிய நாலு பழம் இருந்தது.

"நேத்து ஒனக்குத் தெரியும்" என்றாள். "பாம்புன்னு சொன்னியே. அப்பவே ஒனக்குத் தெரியும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் ஒன் காலத் தடவிப் பாத்தேன்ட்டி" என்றாள். பழங்களை அங்கேயே கொட்டிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அக்கா போனை எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ரயில்வேயிலிருந்து விசாரணை அதிகாரி நாளை பதினொரு மணிக்கு வருகிறார். சார் என் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்தே வைத்திருந்தார். 'அனைத்துப் பூட்டுகளும் சரிபார்க்கப்பட்டன. வழக்கத்துக்கு மாறான கடும் காற்றினால் பூட்டு உடைந்திருக்கலாம்.' கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

"ஆடிக்காத்து மேல பழியப் போட்டா ஆடிக்காத்து கோர்ட்டுக்கா வரப்போகுது?" என்று சிரித்தார். "ஊர்ல எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. ஆடியில தொடங்கினா இப்படித்தான்னு. நீங்க கையெழுத்து போட்டா மட்டும் போதும்."

கையெழுத்துதானே, போட்டுப் பழகியவள்தானே நான். நாளைக்குப் போடுகிறேன் என்று வாங்கி வந்துவிட்டேன்.

பீர் அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு அந்தச் சத்தம் கேட்டுச்சு தங்கச்சி. நான் எறங்கிப் பாத்திருக்கணும். நீ எத எழுதினாலும் என் பேரையும் சேத்து எழுது."

வீட்டுக்காரரிடம் இன்றுதான் முழுக்கச் சொன்னேன். அவர் காற்றின் வேகத்தைச் சொல்லாமலே சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு, "வேலை போயிரும்" என்றார். "போவட்டும்" என்றேன். "சரி, போவட்டும்" என்று அவரும் சொன்னார்.

பிறகு இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன். யாரும் படிக்காத நோட்டு என்றால் உள்ளதை உள்ளபடி எழுதலாம் என்று முதல் நாள் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டிலேயே பொய் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தை அடிக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. 'நூற்றெண்பதும் பார்த்துவிட்டேன்' என்பதற்குப் பக்கத்தில் ஓரமாக எழுதினேன்: நூற்றெழுபத்தாறு. மீதி நாலைப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன், சொல்லவில்லை.

நாளை அந்த வாக்குமூலத்துக்குப் பதில் அதிகாரியிடம் இந்த நோட்டைக் கொடுக்கப்போகிறேன். கம்பெனி கொடுத்த நோட்டுதான், கம்பெனி சொல்லித்தான் எழுதினேன். அதிகாரி என்ன செய்வார் என்று யோசித்துப் பார்த்தேன். அதில் பயம் ஒன்றும் பெரிதாக வரவில்லை.

ஆனால் அதற்கு முன்னால், காலை ஆறு பத்து பஸ்ஸில் நெடும்பாறைக்குப் போக வேண்டும். அக்காவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. அந்தக் கண்ணாடியும் மணைக்கட்டையோடு பெட்டிக்கு அடியில் போய்விட்டது. நான்தான் படித்துக்காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தை, அவள் முகத்துக்கு முன்னால் உட்கார்ந்து, வாய்விட்டு. கதவு திறந்துதான் இருந்தது என்று எழுதியிருக்கிறேனே, அந்த வரி வரைக்கும்.

அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.